நாக்கின் அடியில் கழுகு

"வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான், வலிக்காது."

இந்த ஒரு வரியை வைத்தே முப்பது வருடம் பிழைத்தவன் நான். பல் மருத்துவன். இந்தத் தெருவில் பல பேருடைய முகம் எனக்கு மறந்திருக்கலாம், கடைவாய்ப் பல் மறக்காது. என் மனைவிக்குப் பல் பார்க்கும்போதும் விளையாட்டாக அதே மரியாதையோடு "வாயைத் திறங்க" என்பேன். அவள் சிரித்துக்கொண்டே திறப்பாள்.

இப்போது என்னால் ஒரு வார்த்தை பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். நம்புங்கள் என்று கெஞ்ச மாட்டேன். இதே கதையை இன்னொருவர் எனக்கு எழுதிக் காட்டியபோது நான் வாய்விட்டுச் சிரித்தவன்.

அந்த இன்னொருவர் கழுகுக்காரர். மருந்துக்கடை வைத்திருந்தார். நாங்கள் இருவரும் சேர்த்தது ஒரே பொருள், ரோமப் பேரரசின் கிழக்கு மாகாணங்களில் அடித்த வெள்ளி நாணயங்கள். ஒரு பக்கம் பேரரசரின் தலை, மறுபக்கம் சிறகு விரித்த கழுகு, சுற்றிலும் கிரேக்க எழுத்து. அச்சு வெட்டிய தட்டான் பேரரசரைக் கண்ணால் கண்டிருக்க மாட்டான். அதனால் பாதி உலகத்தை ஆண்டவருக்கு ஏதோ ஒரு ஊர்க் கடைக்காரனின் மூக்கு வந்து உட்கார்ந்திருக்கும். அந்த மூக்குகளின் மேல்தான் எங்களுக்குப் பைத்தியம். அவர் கழுகு இல்லாத காசைத் தொட மாட்டார், அப்படி வந்த பெயர். முப்பது வருடச் சிநேகிதம். அதில் பாதி போட்டி, மீதியில் பாதி பொறாமை.

காசு சேர்ப்பவர்களிடம் சில வழக்கங்கள் உண்டு. ஒவ்வொரு காசுக்கும் அடியில் ஒரு சீட்டு இருக்கும். எடை, கிடைத்த விதம், முன்பு யார் யாரிடம் இருந்தது, எல்லாம் பொடி எழுத்தில். காசு கைமாறினால் சீட்டும் கூடவே போக வேண்டும். அதைப் பிரித்தால் பாவம் என்றே பேசிக்கொள்வோம். அப்புறம் எங்கள் இருவருக்கும் மட்டும் ஒரு கெட்ட பழக்கம். புதிதாகக் கைக்கு வந்த காசை நாக்கில் வைத்துப் பார்ப்போம். வார்ப்புப் போலி சோப்பு மாதிரி வழுக்கும், பழைய வெள்ளி சுரீரென்று குளிரும் என்பது எங்கள் கட்சி. ஊருக்கெல்லாம் வாய்ச் சுத்தம் போதிப்பவன் செய்கிற வேலையா இது? செய்தேன். நுணலும் தன் வாயால் கெடும்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில் கழுகுக்காரர் என் மருத்துவ அறைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கமான வரியைச் சொன்னேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு மறுப்பாகத் தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து தாள் எடுத்து எழுதினார்.

"பல்லைக் கம்பி போட்டுக் கட்டிவிடு. தூக்கத்தில் திறந்துவிடுகிறேன்."

"என்னங்க இது, உள்ள என்ன புதையலா இருக்கு?" என்றேன்.

"காசு" என்று எழுதினார். "இதற்கு உரியவன் வீட்டில் இருப்பவர்கள் வாயில் தேடுகிறான். நான் வைத்திருக்கும்வரை என் மனைவியைத் தொட மாட்டான்."

நான் சிரித்தேன். நரம்பு மருத்துவர் ஒருவரின் முகவரியை எழுதிக் கொடுத்தேன். அவர் அந்த முகவரியை மேசை மேலேயே விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை. சாவுக்கும் போக முடியவில்லை, வெளியூரில் இருந்தேன்.

அவர் இறந்த பத்தாம் நாள் அவர் மனைவி, நான் அண்ணி என்று அழைப்பவர், தொலைபேசியில் கூப்பிட்டார்.

"டாக்டர் தம்பி, அவர் காசையெல்லாம் கல்லூரிக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். எனக்கு ஒண்ணும் புரியல. வந்து பிரிச்சு எழுதிக் குடுங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த வீட்டில் இருந்தேன். எனக்குப் பழகிய வீடு. தபால் பெட்டிக்குப் பக்கத்தில் குறுகலான வாசல், மருந்து வாடையும் பழைய காகித வாடையும் கலந்த கூடம், பின்னால் அவருடைய அறை. சன்னல் வழியாக நல்ல வெயில். பயப்பட ஒன்றுமே இல்லை. அண்ணி மட்டும் அந்த அறைக்குள் வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றார். பேசும்போது கையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினார். பல் வலியோ என்று நினைத்தேன். தொழில் புத்தி.

அலமாரியில் உயரம் குறைந்த இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் பச்சைக் கம்பளி விரித்து, வட்ட வட்டமாகக் குழி வெட்டி, குழிக்குள் சீட்டு, சீட்டின் மேல் காசு. கடைசி இழுப்பறையைத் திறந்ததும் என் கை நின்றது.

நான் இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருந்த காசு. நான்கு திராக்மா, கிரேக்கக் கணக்கில் பெரிய வெள்ளிக் காசு. கழுகு தலையைத் திருப்பி, வாயை அகலத் திறந்திருந்தது. மற்ற காசுகள் கருத்துக் கிடக்க, இது மட்டும் இப்போதுதான் கழுவிய தட்டு போலப் பளபளத்தது. பழைய வெள்ளியை யாரும் இப்படித் தேய்க்க மாட்டார்கள்.

"இதை யாரு அண்ணி கழுவினது?"

"நான்தான் தம்பி." அவர் குரல் இறங்கியது. "உசிரு போனதும் முகம் துடைச்சு விட்டேன். நாக்குக்கு அடியில இருந்துச்சு. ஒரு மாசமா வாயே திறக்கல மனுஷன். சோறு தண்ணி சரியா இல்லாம இதைத்தான் வெச்சிருந்திருக்கார். உசிரா வெச்சிருந்த பொருளை மண்ணுக்குள்ள போகட்டும்னு விட மனசு வருமா? எடுத்து, கழுவி, அவர் வெச்ச இடத்துலயே வெச்சுட்டேன்."

"அவர் உங்களுக்கு எதுவும் எழுதிக் காட்டலையா?"

"எழுதுவார். என் கண்ணுக்கு அந்தப் பொடி எழுத்து தெரிஞ்சாத்தானே." நிலையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொண்ணு தம்பி. சொன்னா சிரிக்காதீங்க. அவர் பேசவே இல்லன்னேனே. ஆனா நடுப்பகல்ல, நான் சமையல்கட்டுல நிக்கும்போது, பின்னாடி அவர் குரல் கேட்கும். 'இங்க பாரேன்'னு. ஓடி வந்து பார்த்தா கட்டில்ல வாயை மூடிட்டுப் படுத்திருப்பார். கண்ணுல தண்ணியா வழியும்."

நான் சீட்டை எடுத்துப் படித்தேன். முதல் வரி யாரோ பழைய மையில் எழுதியது. கல்லறையில், எலும்புக்கூட்டின் வாயில் கிடைத்தது. அந்தக் காலத்தில் செத்தவர் நாக்கடியில் ஒரு காசு வைத்துப் புதைப்பார்கள், அக்கரை சேர்க்கும் படகுக்காரனுக்குக் கூலியாக. இது நாங்கள் எல்லோரும் அறிந்ததுதான். அதன் கீழே முன்பு வைத்திருந்தவர்கள்: ஒரு கப்பல் பொறியாளர், ஒரு இசை ஆசிரியை, ஒரு வழக்கறிஞர். மூன்று பெயருக்கும் பக்கத்தில் கழுகுக்காரர் தன் கையால் குறித்திருந்தார். "கடைசியில் பேசவில்லை." அதற்கும் கீழே: "வாயிலிருந்து எடுத்தது. ஒரு வாயோடுதான் திரும்பப் போகும். எடுக்காதீர்கள்."

படித்தேன். புரிந்தது. ஆனாலும் ஆசை வெட்கமறியாது.

"எடை போட்டுட்டுத் தர்றேன் அண்ணி" என்று காசை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சீட்டைக் குழியிலேயே விட்டுவிட்டேன். அதையும் எடுத்தால் அதில் எழுதியிருப்பதையும் எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று ஒரு கள்ளக் கணக்கு. வாசல் தாண்டும்போது அண்ணி வாயிலிருந்து கையை எடுத்திருந்தார். பல நாளுக்குப் பிறகு மூச்சு விடுகிறவரைப் போலத் தெரிந்தார்.

தெருமுனையில் காரை நிறுத்தி, காசை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

குளிரவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்வது அவள் வேலை. உள்ளறையில் ஒரு ஒலிவாங்கி, ஒரு பதிவுக் கருவி, சத்தம் வராமல் இருக்கக் கதவுக்கு உள்தாழ்ப்பாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் அவளைக் கட்டிக்கொண்டேன், இதை மறைக்க என்ன இருக்கிறது. கோபத்தில் திட்டினாலும் கேட்டுக்கொண்டே இருக்கலாம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டை நிறைத்தது அந்தக் குரல்தான்.

மறுநாள் பதிவைக் கேட்டுவிட்டு அவள் முகம் சுளித்தாள்.

"ஏங்க, இதைக் கேளுங்களேன். ஒவ்வொரு வரிக்கும் நடுவுல ஏதோ தட்டுது."

கேட்டேன். டிக். ஒரு வரி. மறுபடி டிக். உலோகம் பல்லில் படும் சத்தம். என் தொழிலில் தினம் நூறு முறை கேட்பது.

"கருவியில கோளாறு" என்றேன்.

மூன்றாம் நாள் அவள் தொண்டை கட்டியது. நான்காம் நாள் மதிய உணவுக்குப் பின் அவள் படுத்திருந்தாள். நான் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தேன். திரை விலகி, வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்திருந்தது. அதனால் நன்றாகத் தெரிந்தது.

அவளுடைய கீழுதடு தானாக இறங்கியது.

தூக்கத்தில் வாய் திறப்பதுபோல இல்லை. உதட்டின் நடுவில் ஒரு விரல் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல. நான் நோயாளிகளுக்குச் செய்வதும் அதேதான்.

பிறகு கன்னம் உள்ளிருந்து புடைத்தது. இடது பக்கம். மெதுவாக வலது பக்கம்.

தேடியது.

கத்திக்கொண்டே அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். விழித்தவள் பேச வாயெடுத்தாள், காற்று மட்டும் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கடியில் கருப்பாக, வட்டமாக, ஒரு தடம்.

அன்றே காசை எடுத்துக்கொண்டு ஓடினேன். அண்ணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி இழுப்பறையில், அதே குழியில், அதே சீட்டின் மேல் வைத்து, "கல்லூரிக்காரங்க வர்ற வரைக்கும் இதைத் திறக்காதீங்க" என்று சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். என் பங்குக்குச் சரிசெய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை மேசையில் ரொட்டியைக் கடித்தவள் நின்றாள். கையை வாய்க்கடியில் வைத்துத் துப்பினாள்.

"பல்லு அடைச்சது கழண்டுடுச்சுபோல" என்று காற்றுக் குரலில் சொன்னாள். உள்ளங்கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

கழுகு வாயைத் திறந்திருந்தது.

கழுகுக்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம் என்ன கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. காசை அவள் கையிலிருந்து வாங்கி என் நாக்கடியில் போட்டுக்கொண்டேன். மருத்துவ அறையைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடி முன் உட்கார்ந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டினேன். தாடை உடைந்தவர்களுக்கு நாங்கள் செய்வதுதான். கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கும், அது வழியாகக் குழல் விட்டுப் பால் குடிக்கலாம். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிந்ததில் ஈறெல்லாம் கிழிந்து ரத்தம். வலிக்காது என்று எத்தனை பேரிடம் கூசாமல் சொல்லியிருக்கிறேன்!

மூன்றே நாளில் அவளுக்குக் குரல் திரும்பியது.

எல்லாவற்றையும் அவளுக்கு எழுதிக் காட்டினேன். தன் வாசிப்புக் குரலில் கடைசி வரி வரை படித்தாள், தாளை மடித்தாள், என் தோளில் சாய்ந்து அழுதாள். நம்பவில்லை. நான் நிலைகுலைந்துவிட்டேன் என்று நினைத்தாள். "கம்பியை வெட்டிடலாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க, போதும்" என்று தினமும் கெஞ்சினாள். ஒரு வார்த்தைதானே. அதைக்கூடக் கொடுக்க முடியாமல் தலையாட்டுவேன்.

பத்தாம் நாள் உள்ளறையிலிருந்து ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பேசிட்டீங்க! கேட்டேன்! இப்ப என்னைக் கூப்பிட்டீங்கதானே?"

நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கையில் பால் குழல்.

என்னை இழுத்துப்போய்ப் பதிவை ஓட்டிக் காட்டினாள். அவள் வாசிக்கிறாள். நிறுத்துகிறாள். டிக். பிறகு, ஒலிவாங்கிக்கு மிக அருகில், கனிவாக, என் குரல்.

"இங்க பாரேன்."

என் குரல்தான். சந்தேகமே இல்லை. முப்பது வருடம் நோயாளிகளிடம் நான் பேசிய குரல்.

'நான் இல்லை' என்று எழுதினேன். 'அந்த அறைக்குப் போகாதே' என்று பெரிதாக எழுதினேன். அவள் அந்தத் தாளைப் படிக்கவில்லை. பதிவை மறுபடி ஓட்டினாள். பட்டினி கிடந்தவள் சோற்றைப் பார்த்ததுபோல அந்தக் குரலைக் கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு அவள் உள்ளறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். நிலைப்படியில் என் மார்பில் கைவைத்து நிறுத்தினாள்.

"நீங்க வெளியில இருங்க. எதிர்ல நின்னா பேச மாட்டேங்கிறீங்க. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னாத்தான் உங்களுக்குப் பேச்சு வருது."

தாழ்ப்பாள் விழுந்தது.

கதவை இரண்டு கையாலும் தட்டினேன். உதைத்தேன்.

"தட்டாதீங்க" என்றாள் உள்ளிருந்து. "பேசுங்க."

பேசியது.

"வாயைத் திறங்க."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

"இன்னும் கொஞ்சம்" என்றது என் குரல்.

மேசைக்கு ஓடினேன். கம்பி வெட்டும் குறட்டை எடுத்து வாய்க்குள் விட்டு, உதடு கிழிவதைப் பார்க்காமல், வெட்டி எறிந்தேன். காசு போனால் போகட்டும், அவள் பெயரைச் சொல்லிக் கத்திவிட வேண்டும். வாயை அகலத் திறந்தேன்.

சத்தம் வரவில்லை.

நாக்கை அசைத்தேன். அடியில் காசும் இல்லை.

"அவ்வளவுதான்" என்றது கதவுக்கு அந்தப் பக்கம். "வலிக்காது."

டிக்.

கதவு திறக்க வெகுநேரம் ஆனது. அவள் உதட்டை இறுக மூடியபடி வந்தாள். சிரிப்பு போயிருந்தது. என் வாயிலிருந்து வழிந்த ரத்தத்தையும், தரையில் கிடந்த கம்பித் துண்டுகளையும் பார்த்தாள். நான் எழுதியது அத்தனையும் உண்மை என்று அந்த ஒரு பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடுக்கியோடு நெருங்கினேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேசையில் இருந்த தாளில், அச்சடித்தது போன்ற தன் எழுத்தில் எழுதினாள்.

"எடுத்தா திரும்ப உங்ககிட்ட வரும். இது என்னோட போகட்டும். நான் போனப்புறமும் எடுக்காதீங்க. சத்தியம் பண்ணுங்க."

அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அண்ணியைப் போல அன்பினால் தவறு செய்ய மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவள் நாளுக்கு நாள் மெலிவதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் அந்தச் சத்தியத்தோடு உட்கார்ந்திருப்பேன் என்பது எனக்கே தெரியாது. பகலில் அவளைத் தூங்க விடுவதில்லை. தூங்கினால் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொள்கிறேன். உள்ளறையைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டாகிவிட்டது. மருத்துவ அறையை மூடிப் பலகை தொங்கவிட்டு மூன்று வாரம் ஆகிறது.

இன்று காலை பால் வாங்கக் கதவைத் திறந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன டாக்டர், வீட்டுலயே தொழிலை ஆரம்பிச்சுட்டீங்களா? பகல் பூரா வாயைத் திறங்க, வாயைத் திறங்கன்னு உங்க சத்தம்தான் கேட்குது. நேத்திலிருந்து எங்க வீட்டுச் சுவரோரமா கேட்குது."

சொல்லிவிட்டு, நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நல்லவேளை கேட்டேன். எனக்கும் ரெண்டு நாளா வாயில ஏதோ இரும்பு ருசி. ஒரு தடவை பார்த்துடுங்களேன்."

வீட்டைத் தாண்டியும் தேடுவான் என்று கழுகுக்காரர் எழுதவில்லையே. பக்கத்து வீட்டுக்காரர் என் முன்னால் வந்து நின்று, நான் சொல்லாமலேயே வாயைத் திறந்தார்.